வேகமானி ஓடலையா? சென்சாரை மாற்றும் முன் வயரைப் பாருங்க

நாங்க எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கிறோம். வாரம் மூன்று நாள் கத்தரி, கீரை, வாழைப்பூ ஏற்றிக்கொண்டு டவுனில் இருக்கிற இயற்கை அங்காடிகளுக்குப் போகும். ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துத்தான் டீசல் செலவைப் பங்கு பிரிக்கிறோம். நோட்டு என் பொறுப்பு. முப்பது வருஷம் வங்கியில் பேரேடு பார்த்தவனிடம் வேறு எதைக் கொடுப்பார்கள்!

போன ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் வேகமானி முள் பூஜ்யத்திலேயே படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்ணும் நகரவில்லை. இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, "பி0500 காட்டுது சார். ஸ்பீடு சென்சார் போச்சு. அதை மாத்தியும் வரலைன்னா மீட்டர் போர்டையே மாத்தணும்" என்றார்கள். மொத்தம் ஆறாயிரத்துக்கு மேல். எட்டாகப் பிரித்தாலும் அது கீரை விற்ற காசு.

பி0500 என்றால் 'வேகச் சிக்னல் சரியாக வரவில்லை' என்று மட்டும்தான் பொருள். யார் மேல் தப்பு என்று அது சொல்லாது. சாயந்திரம் கணக்கு நேர் ஆகவில்லை என்றால் கேஷியர் எடுத்துவிட்டார் என்றா அர்த்தம்? முதலில் வவுச்சரைத்தானே புரட்டுவோம்.

சென்சார் செய்கிற வேலை சின்னதுதான். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு சுற்றச் சுற்ற, இது மின்துடிப்பாக எண்ணி அனுப்பும். மூன்று வயர் இருந்தால் பெரும்பாலும் ஹால் வகை. ஒன்றில் மின்சாரம் வரும், ஒன்று எர்த், மூன்றாவதில் சிக்னல் போகும். இரண்டே வயர் என்றால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். தண்டு சுற்றினால் தானே கொஞ்சம் ஏசி வோல்ட் உண்டாக்கும். ரொம்பப் பழைய வண்டிகளில் சென்சாரே கிடையாது, கேபிள்தான். புது வண்டிகள் பலவற்றில் ஏபிஎஸ் சக்கர சென்சாரிலிருந்தே வேகம் எடுப்பார்கள். உங்க வண்டியில் எது என்று வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்க.

எங்களுடையது மூன்று வயர். ஃபியூஸ் நன்றாக இருந்தது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே சேறோ பச்சைக் களிம்போ இல்லை. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓடவிடாமல், மல்டிமீட்டரை மின்சார முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவில் வைத்தோம். 12 வோல்ட். (சில வண்டிகளில் 5 இருக்கும்.) சிக்னல் முனையில் 5 வோல்ட். அது மீட்டர் போர்டு பக்கமிருந்து வருவது. சென்சார் அதைத் துடிப்புக்குத் துடிப்பு கீழே இழுத்து இழுத்து விடும். எல்லாம் சரியாக இருக்கிறதே, அப்போ சென்சார்தான் போச்சு என்று நானும் ஏமாறப் பார்த்தேன்.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது புரியும். கடைசி வால்வை மூடி வைத்துப் பார்த்தால், குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் கேஜில் அழுத்தம் முழுசாகக் காட்டும். வால்வைத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். கனெக்டரைக் கழற்றி அளப்பதும் அப்படித்தான். வயரில் ஓட்டமே இல்லாதபோது, ஒற்றைக் கம்பி இழையில் களிம்பேறித் தொங்கினாலும் மீட்டர் 12 காட்டும்.

அதனால் கனெக்டரைத் திரும்பச் செருகி, பின்பக்கமாக வயரை ஒட்டி மெல்லிய குண்டூசியை எர்த் முனையில் தொடும்படி நுழைத்தோம். அந்த ஊசிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 9 வோல்ட் காட்டியது. எர்த் வயர்தான் குற்றவாளி! கையால் தடவிக்கொண்டே போனதில், சேஸிஸை ஒட்டி ஓர் இடத்தில் எலி கடித்து, மழைத்தண்ணீர் இறங்கி, செம்பு பச்சைப் பொடியாகிக் கிடந்தது.

கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டோம். பிறகு சிக்னலைச் சோதித்தோம். இதில் மட்டும் கவனம் வேண்டும். எங்களுடையது பின்சக்கர இழுவை. சமதரையில் முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஒரே ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்துச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் தூக்கினால் ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் சுற்றும், நடுத்தண்டு அசையாமல் நிற்கும். வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. சுற்றச் சுற்ற மீட்டர் 0, 5, 0, 5 என்று மாறியது.

மின்சாரமும் எர்த்தும் சென்சார் மாட்டியபடியே சரியாக இருந்து, கழற்றினால் சிக்னல் வயரில் வோல்ட் வந்து, மாட்டிச் சுற்றினால் மாறவே இல்லை என்றால் சென்சாரைக் கழற்றலாம். அப்போதும் அதன் அடியில் பிளாஸ்டிக் பல்சக்கரம் இருந்தால் பல் உடைந்திருக்கிறதா என்று பாருங்க. அது உடைந்தால் சென்சார் நல்லதாக இருந்தும் சுற்றாது. கழற்றினாலும் சிக்னல் வயரில் வோல்ட் இல்லையா? அந்த வயரையும் மீட்டர் போர்டையும் பார்க்க வேண்டும். இரண்டு வயர் வகையில் ஏசி அளவில் வைத்துச் சுற்றினால் வோல்ட் ஏற வேண்டும். ஓம்ஸில் அளந்தால் முடிவே இல்லாமல் காட்டக் கூடாது, பூஜ்யமும் காட்டக் கூடாது. சிக்னல் வயரில் மட்டும் டெஸ்ட் பல்பை வைக்காதீங்க, போர்டு கெட்டுப்போகும்.

எங்களுக்கு வயரும் ஸ்லீவும் நூறு ரூபாய்க்குள் முடிந்தது. எலிக்கு விஷம் வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. வண்டி நிற்கிற கொட்டகையில் அடுக்கியிருந்த கடலைக்கொடியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். வேகமானி ஓடாத 19 நாள் கணக்கை, வழக்கமான பாதையின் தூரத்தை வைத்துப் பென்சிலில் எழுதி எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.