கசப்பாக இருந்தால் மருந்தா?

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தோட்டத்திலோ பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியிலோ இந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பட்டைத் தண்டு, ஈட்டி முனை போல் ஒடுங்கிய இலை, ஊதா நிறம் தெளித்த சின்னஞ்சிறு வெள்ளைப் பூ. சாதுவாகத்தான் நிற்கும். ஆனால், அதன் இலையை ஒருமுறை மென்றவர்கள் அந்தக் கசப்பை லேசில் மறக்க மாட்டார்கள்.

தமிழில் அதன் பெயர் நிலவேம்பு. மலாய்மொழியில் 'ஹெம்பெடு பூமி', அதாவது பூமியின் பித்தம். இந்தோனேசியாவில் 'சம்பிலோத்தோ'. அறிவியல் பெயர் ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலாட்டா. பெயரில் வேம்பு இருந்தாலும் வேப்ப மரத்துக்கும் இதற்கும் உறவில்லை. ஆடாதொடையும் கனகாம்பரமும்தான் இதன் குடும்பத்துச் சொந்தங்கள்.

முதுகில் ஒரு மருந்துக்கடை

ஜாவா தீவில் காலை வேளையில் சில பெண்கள் தெருத்தெருவாக நடந்து போவார்கள். செலெண்டாங் துணியால் முதுகில் கட்டிய கூடை, கூடை நிறையப் புட்டிகள். அவற்றில் இருப்பது ஜாமு என்னும் மூலிகைச் சாறு. மஞ்சளும் புளியும் சேர்ந்தது ஒன்று. அரிசியும் கச்சோலமும் சேர்ந்தது இன்னொன்று. சம்பிலோத்தோ சேர்ந்த புட்டிக்குப் 'பாஹித்தான்' என்று பெயர். 'பாஹிட்' என்றால் கசப்பு என்பது உங்களுக்குத் தெரியும்தானே! காய்ச்சலுக்கும் தோல் அரிப்புக்கும் நல்லது என்று அதைக் கேட்டு வாங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வாய்க்கசப்பு போக இனிப்பு ஜாமு ஒரு குவளை குடிப்பார்கள். இந்த ஜாமு பண்பாட்டை யுனெஸ்கோ 2023-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்கள் பட்டியலில் சேர்த்தது.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

நிலவேம்பின் இலையில் ஆண்ட்ரோகிராஃபோலைட் என்ற சேர்மம் இருக்கிறது. 20 கார்பன், 30 ஹைட்ரஜன், 5 ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு இது. 1911-இல் கோர்ட்டர் என்ற வேதியியலாளர் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார்.

நமது நாக்கில் கசப்பை உணர மட்டும் ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. தாவரங்களில் உள்ள நச்சுகள் பலவும் கசப்பானவை என்பதால், "கவனம், விழுங்காதே!" என்று எச்சரிப்பதே அவற்றின் வேலை. எட்டிக்காயும் கசக்கும். அதில் இருப்பதோ உயிரைக் குடிக்கும் ஸ்ட்ரிக்னைன். ஆகவே, ஒரு பொருள் கசக்கிறது என்பதை வைத்து அது மருந்து என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வுக்கூடத்தில் ஆண்ட்ரோகிராஃபோலைட், உயிரணுக்களில் அழற்சியைத் தூண்டும் ஒரு முக்கியப் புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. நல்ல செய்திதான். ஆனால், கண்ணாடித் தட்டில் நடப்பது மனித உடலிலும் நடக்குமா? இந்தச் சேர்மம் நீரில் எளிதில் கரையாது. குடித்ததில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேரும். அதனால் மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு கணக்கு போடலாமா?

இதே மூலிகை தாய்லாந்திலும் பழங்கால மருந்து. கோவிட்-19 பரவியபோது, 2020 டிசம்பரில், லேசான பாதிப்பு உள்ளவர்களுக்கு இதை முன்னோட்டமாகக் கொடுக்க அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அனுமதித்தது. அங்கு நடந்த ஓர் ஆய்வில் 29 நோயாளிகளுக்கு நிலவேம்புச் சாறு அடங்கிய மருந்தும், 28 பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்தும் கொடுத்தார்கள். மூலிகை பெற்ற 29 பேரில் ஒருவருக்குக்கூட நிமோனியா வரவில்லை. மற்ற 28 பேரில் 3 பேருக்கு வந்தது.

மூலிகை வென்றுவிட்டது என்று துள்ளத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். காகிதமும் பேனாவும் எடுங்கள்.

மூலிகைக்கு எந்தப் பலனும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியானால், அந்த 57 பேரில் யாரோ 3 பேருக்கு எப்படியும் நிமோனியா வந்திருக்கும். அந்த மூவருமே தற்செயலாக வெற்று மருந்துக் குழுவில் இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? முதலாமவர் அங்கே இருக்க 28/57. இரண்டாமவருக்கு 27/56. மூன்றாமவருக்கு 26/55. மூன்றையும் பெருக்குங்கள்.

விடை 0.112, அதாவது ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று. ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டினால் மூன்றும் தலையாக விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அது உங்களுக்கு அதிசயமாகத் தோன்றாது, இல்லையா? இதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இத்தகைய ஆய்வுகளில் இந்த எண் 0.05-க்குக் கீழே இருந்தால்தான் தற்செயல் அல்ல என்று கருதுவது வழக்கம். ஆய்வாளர்கள் முதலில் 0.039 என்று அறிவித்திருந்தார்கள். அது பிழை என்று தெரிந்ததும் 2021-இல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதனால் நிலவேம்பு பயனற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 57 பேரை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பதே இதன் பொருள். சளி, இருமல், தொண்டைவலி ஆகியவற்றுக்கு இது பயன் தரலாம் எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால், அவற்றில் பல சிறியவை, சரியாகத் திட்டமிடப்படாதவை. பெரிய, நேர்மையான சோதனைகள் இன்னும் தேவை.

மூன்று படிகள்

இந்தோனேசியா இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது என்ற சான்று மட்டும் உள்ளது ஜாமு. தரப்படுத்திய மூலப்பொருளில் தயாராகி, விலங்குகளிடம் சோதிக்கப்பட்டது இரண்டாம் படி. மனிதர்களிடமும் சோதித்து நிரூபிக்கப்பட்டதே 'ஃபித்தோஃபார்மாக்கா' என்னும் மூன்றாம் படி. முதல் படியில் பல்லாயிரம் பொருள்கள் இருக்கின்றன. மூன்றாம் படியை எட்டியவை மிகச் சிலவே. எந்தச் செடியைச் சோதிக்கலாம் என்று மரபு வழிகாட்டுகிறது. விடையைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இயற்கையானது என்பதால் ஆபத்தில்லாதது என்றும் எண்ணாதீர்கள். நிலவேம்பு சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்று ஆஸ்திரேலிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்திருக்கிறது. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்கவோ, இரத்த அழுத்தத்துக்கோ, நீரிழிவுக்கோ மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மலேசியாவில் கடையில் வாங்கும் மூலிகை மாத்திரைப் புட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்களை அடுத்து வரும் 'டி' எழுத்து, அது பாரம்பரிய மருந்து என்பதைக் குறிக்கும்.

அடுத்த முறை பாட்டி நிலவேம்புக் கஷாயத்தை நீட்டினால், "எத்தனை நாளாக இதைக் கொடுக்கிறீர்கள் பாட்டி? யாருக்கு, எதற்குக் கொடுத்தீர்கள்? கொடுக்காதவர்களுக்கு என்ன ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டு கேள்விகளுக்கும் பாட்டி சட்டென்று பதில் சொல்லிவிடுவார். மூன்றாவது கேள்விக்குச் சற்று யோசிப்பார். மருந்துச் சோதனை தொடங்குவது அந்தக் கேள்வியிலிருந்துதான்.