மலைவழி ஊர்தியும் அலைக்கம்பியும்

கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலைக்குச் செல்லும் ஊர்தி, சமவெளி மலை ஆகிய இருநிலங்களையும் ஒரே பயணத்திற் காண்கின்றது. அது நோயாளரை ஏற்றிவரும் ஊர்தியாயின், மருத்துவமனைக்கு முன்னரே செய்தி விடுக்கும் வயர்லெஸ் கருவி உயிர்காக்கும் துணையாகும். அக்கருவியின் பயனோ பெரிதும் அதன் அலைக்கம்பியைப் பொறுத்தது. ஏரியல் என்றும் ஆன்டெனா என்றும் வழங்கப்பெறும் அதனை அமைக்கும் முறையை ஈண்டு ஆராய்வோமாக.

முதற்கண் நீளத்தை நோக்குவோம். மின்காந்த அலை ஒரு நொடியில் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். இவ்வேகத்தை அதிர்வெண்ணால் வகுப்பின் அலைநீளம் கிடைக்கும். நொடிக்கு 15 கோடி முறை அதிரும் அலையின் நீளம் 2 மீட்டர். அதன் காற்பங்காகிய அரை மீட்டர்க் கம்பி அவ்வலையோடு ஒத்து அதிரும். நொடிக்கு 90 கோடி முறை அதிரும் கைப்பேசி அலைக்கோ 8 சென்டிமீட்டர்க் கம்பியே போதும்.

அடுத்து இடம். காற்பங்குக் கம்பி தன்னளவில் நிறைவுடையதன்று. ஊர்தியின் உலோகக் கூரை கண்ணாடிபோல் நின்று, அதன் மறுபாதியை ஈடுசெய்கின்றது. ஆதலின் கூரையின் நடுவே நாட்டுவது சிறப்பு. ஓரத்தில் நாட்டின், அலை ஒருபால் மிகுந்தும் ஒருபால் குன்றியும் பரவும். கூரை பிளாஸ்டிக்காயின் அடியில் உலோகத் தகடு பதித்தல் வேண்டும்.

நெடிய கம்பியே மேலானதன்றோ எனச் சிலர் வினவலாம். பல பகுதிகளை மேன்மேல் அடுக்கிய நெடுங்கம்பி புதிய ஆற்றலைப் படைப்பதன்று. மேலும் கீழும் பரவும் அலையைச் சுருக்கி அடிவானை நோக்கித் திரட்டுகின்றது. சமவெளியில் கோபுரம் தொலைவில் அடிவானையொட்டி நிற்றலின் இது நன்று. மலைச்சாலையிலோ ஊர்தி ஏற்றத்தில் நிமிர்ந்தும் வளைவிற் சாய்ந்தும் செல்லும். கோபுரமும் மிக உயரத்திலோ பள்ளத்திலோ அமையக்கூடும். அப்போது திரட்டிய அலை குறிதவறும். பல கோணங்களிலும் பரப்பும் காற்பங்குக் கம்பியே அங்கு உதவும். தாழ்ந்த மரக்கிளைகளில் அது எளிதிற் சிக்குவதுமில்லை.

எனினும், இவ்வலைகள் பெரும்பாலும் நேரே செல்வன. முகட்டைக் கடக்கையில் சிறிதே வளைவன. மலை முற்றும் மறைக்குமிடத்து எக்கம்பியும் தனித்து வெல்லாது. உயர்ந்த முகட்டில் செய்தியை வாங்கி மீண்டும் விடுக்கும் நிலையம் வேண்டும்.

குறிஞ்சிக்கு ஓர் ஒழுக்கமும் மருதத்திற்கு மற்றோர் ஒழுக்கமும் வகுத்தனர் நம் முன்னோர். நிலத்தின் இயல்பறிந்து அமைக்கும் அந்நெறி கருவி அமைப்பார்க்கும் உரியதே. சமவெளியில் தேறிய கம்பியை ஆராயாது மலைக்கு அனுப்பின், உதவி நாடும் குரல் பள்ளத்தாக்கிலேயே அடங்கிவிடும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.