மனைவியின் பக்கமிருந்து பழங்கதை

முன்னுரை

சில ஆண்டுகளுக்குமுன் அண்ணனூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் யோபின் பொறுமையைக் குறித்துச் செய்தி கொடுத்தேன். நம்மில் பலர் செய்வதுபோலவே, யோபின் உறுதியை ஒரு புறமும் அவன் மனைவியின் அவிசுவாசத்தை மறுபுறமும் நிறுத்தி, "நாம் யார் பக்கம்?" என்று கேட்டு முடித்தேன். கூட்டம் கலைந்தபின், தம் ஒரே மகனை அடக்கம் செய்து ஓராண்டுகூட நிறைவுறாத தாய் ஒருவர் அருகில் வந்தார். "ஐயா, செத்துப்போன அந்தப் பத்துப் பிள்ளைகளையும் பெற்றவள் அவள்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று என்னிடம் விடை இல்லை.

அந்தத் தாய் ஓர் இலக்கிய முறையைப் பற்றிப் பேசவில்லை. ஆயினும் அவர் கேட்டதே அம்முறையின் உயிர். யாவரும் அறிந்த பழங்கதை ஒன்றை எடுத்து, அதில் ஓரமாய் நிற்கும் மனைவியின் கண்வழியாக அதை மீண்டும் சொல்லும் புனைகதைகள் இந்திய மொழிகளிலும் பிற மொழிகளிலும் பெருகியுள்ளன. மலையாளத்தில் குமாரன் ஆசான் சீதையின் சிந்தனையை 1919ஆம் ஆண்டிலேயே காவியமாக்கினார். மைதிலி சரண் குப்தர் இந்தியில் இலக்குவன் மனைவி ஊர்மிளைக்கும் புத்தரின் மனைவி யசோதரைக்கும் குரல் கொடுத்தார். இவை மூலக்கதையைச் சிதைக்கின்றன என்று அஞ்சுவோர் உண்டு. நல்ல மறுகூறல் மூலக்கதைக்கு அந்நியமான கேள்வியைக் கொண்டுவருவதில்லை; மூலக்கதையே எழுப்பி விடையின்றி விட்டுச்சென்ற கேள்வியையே கையில் எடுக்கிறது. இதனைச் சில சான்றுகளால் விளக்கி, திருமறை வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் இது எவ்வாறு பயன்படும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. திருமுல்லைவாயிலில் ஒரு முறையீடு

முதற்சான்றைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அண்ணனூருக்கு அடுத்த புகைவண்டி நிலையம் திருமுல்லைவாயில். பெரியபுராணம் பாடிய சேக்கிழாரின் ஊராகிய குன்றத்தூரும் பூவிருந்தவல்லிக்கு அண்மையிலேயே உள்ளது. சுந்தரர் கண்ணிழந்த நிலையில் திருமுல்லைவாயிலுக்கு வந்து பதிகம் பாடினார் என்று அப்புராணம் கூறுகிறது. கண் போனதற்குக் காரணம் ஒரு மனைவிக்கு அவர் செய்துகொடுத்த வாக்கு.

ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்த சங்கிலியார் மணவாழ்வை விரும்பாமல், திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுத்துவந்தவர். அவரைக் கண்டு விரும்பிய சுந்தரருக்குத் திருவாரூரில் பரவையார் என்னும் மனைவி ஏற்கெனவே இருந்தார். இறைவன் கனவில் தோன்றி மணத்துக்கு இசையச் சொன்னபோது, ஆரூரில் உள்ள அந்த உறவைச் சுட்டிக்காட்டியவர் சங்கிலியாரே. ஆகவே, உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் சூளுரைக்க வேண்டும் என்றாயிற்று. கோயிலில் சூளுரைக்கும்போது இறைவன் மகிழமரத்தடிக்கு விலகியிருக்கும்படி சுந்தரர் முன்னதாகவே வேண்டிக்கொண்டார். இறைவனோ அம்மரத்தடியிலேயே வாக்குப் பெறும்படி சங்கிலியாருக்கு அறிவித்துவிட்டார். பின்னர் ஆரூர் நினைவு மேலிட, சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணொளி மறைந்தது.

ஈண்டு கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, கதையின் நாயகர் சுந்தரரே ஆயினும், வாக்கு மீறப்பட்டவளின் வழக்கை இறைவனே ஏற்று நடத்துகிறார். இறைவனின் தோழர் என்னும் உரிமைகூட மனைவிக்குக் கொடுத்த வாக்கிலிருந்து விடுவிப்பதில்லை. திருமுல்லைவாயிற் பதிகத்தில் சங்கிலியின் பெயரைச் சொல்லித் தம் கண்ணிழப்பைச் சுந்தரரே ஒப்புக்கொள்கிறார். இரண்டாவது, அதன்பின் கதை சுந்தரரோடேயே நடந்து செல்கிறது. காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் மீள்கின்றன. ஊடிய பரவையாரிடம் இறைவனே இரவில் தூது நடக்கிறார். ஒற்றியூரில் தனித்து விடப்பட்ட சங்கிலியாரின் நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதைக் கதை நின்று விரிப்பதில்லை. அவள் நியாயத்தை அறிந்த கதையே அவள் இல்லத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது. இன்று ஒருவர் சங்கிலியாரின் கதையை எழுதுவாராயின், சுந்தரர் திருமுல்லைவாயிலை நோக்கித் தடுமாறி நடந்த அந்த நாளில் ஒற்றியூர் வீட்டில் என்ன நிகழ்ந்தது என்பதிலிருந்தே தொடங்குவார். அக்கேள்விக்குரிய இடத்தைப் புராணமே ஒதுக்கிவைத்திருக்கிறது.

2. விமோசனத்துக்கு மறுநாள்

தமிழ் உரைநடையில் இம்முறைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு, புதுமைப்பித்தன் (1906-1948) 1943இல் எழுதிய "சாபவிமோசனம்" என்னும் சிறுகதை. கம்பரிடத்தில் அகலிகை கல்லுருவம் நீங்கி எழுகிறாள். மனத்தால் பிழை செய்யாதவள் என்று சொல்லப்பட்டு கௌதமரோடு சேர்த்துவைக்கப்படுகிறாள். இராமகாதை மிதிலையை நோக்கிச் சென்றுவிடுகிறது. புதுமைப்பித்தனோ செல்லாமல் அங்கேயே நின்று, மறுநாள் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்.

அவர் காட்டும் கௌதமர் கொடியவர் அல்லர். மனைவியை மெய்யாகவே மன்னித்தவர். அகலிகையும் கணவனை நேசிக்கிறாள். எனினும் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசவேண்டியிருக்கிறது. யார் ஏறிட்டுப் பார்த்தாலும் அவள் உள்ளம் கூசுகிறது. மன்னிப்பு அறிவிக்கப்பட்டும் அச்சம் நீங்கவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் இராமனும் சீதையும் காட்டிய அன்பு. வனவாசம் முடிந்து வந்த சீதை, இலங்கையில் தான் தீக்குளித்த செய்தியைச் சொல்கிறாள். அவன் கேட்டானா என்று அதிர்கிறாள் அகலிகை. உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டாமா என்கிறாள் சீதை. தன்னைக் குற்றமற்றவள் என்று ஏற்றவனே தன் மனைவியிடம் சான்று கேட்டிருக்கிறான் என்றால், தனக்குக் கிடைத்த விமோசனத்தின் பொருள் என்ன? அகலிகை மீண்டும் கல்லாகிறாள்.

இக்கதை தனித்த இரு பழங்கதைகளை அருகருகே வைக்கிறது. புதிதாகக் கூட்டிய நிகழ்ச்சி சிறிதே. விமோசனம் அளித்தவனும் அக்கினிப்பரீட்சைக்கு உட்படுத்தியவனும் ஒருவனே என்பது மூலத்திலேயே உள்ளது. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் நிலையில் இருப்பவள் அகலிகை ஒருத்தியே. அவள் நின்ற இடத்தில் நின்றால்தான் அது தெரியும்.

பாவமன்னிப்பைப் பறைசாற்றுவதையே ஊழியமாகக் கொண்ட நமக்கு இக்கதை வைக்கும் கேள்வி கடினமானது. சபையின்முன் மன்னிக்கப்பட்டவளை அடுத்த ஞாயிறு சபையார் எப்படிப் பார்க்கிறார்கள்? அறிக்கையோடு நம் பணி முடிந்துவிட்டதா?

3. பனியன் திரும்பிச் சென்ற வாசல்

மனைவியின் பக்கமிருந்து கதை சொல்வது அண்மைக்காலத்தார் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணுவோருக்கு, நமக்கு மிகவும் பழக்கமான ஒரு நூலை நினைவூட்டலாம். ஜான் பனியனின் மோட்சப்பிரயாணம் 1678இல் வெளிவந்தது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழுக்கு அளித்தார். அந்நூலின் தொடக்கத்தில் கிறிஸ்தியான் மனைவியும் பிள்ளைகளும் கூவி அழைக்கக் காதுகளை விரலால் அடைத்துக்கொண்டு, ஜீவனை நாடி ஓடுகிறான். விசுவாசத்தின் வீரச் செயலாக நாம் போற்றும் காட்சி இது. ஆனால் அந்த வாசலில் நின்றவர்கள் என்ன ஆனார்கள்?

இக்கேள்வியை எழுப்பியவர் பனியனே. ஆறு ஆண்டுகள் கழித்து, 1684இல், இரண்டாம் பாகத்தை அவர் வெளியிட்டார். அதில் கிறிஸ்தியானின் மனைவி நான்கு மகன்களோடும், அண்டைவீட்டுப் பெண் ஒருத்தியோடும் அதே வழியில் புறப்படுகிறாள். வழி ஒன்றே; நடை வேறு. கணவன் பெரும்பாலும் தனித்தும், ஒரு தோழனோடும் நடந்த பாதையில், இவள் பிள்ளைகளின் கால்களுக்கு ஏற்ப நடக்கிறாள். ஊன்றுகோலூன்றி வருபவனும் மனந்தளர்ந்தவனும் சேர்ந்துகொள்கிறார்கள். தனி ஆத்துமாவின் ஓட்டமாயிருந்த கதை சபையின் பயணமாகிறது.

பனியனுக்கு இது வெறுங்கற்பனை அன்று. அவர் 1660இல் சிறைப்பட்டபோது, இரண்டாம் மனைவி எலிசபெத், கணவனின் முதல் தாரத்துப் பிள்ளைகள் நால்வரையும் காத்துவந்தார். அவர்களில் ஒருத்தி பார்வையற்றவள். 1661இல் நீதிபதிகள்முன் நின்று கணவனுக்காக வழக்காடியவரும் அவரே. பன்னிரண்டு ஆண்டுச் சிறைவாழ்வின் பாரத்தில் பாதியைச் சிறைக்கு வெளியே ஒருத்தி சுமந்தாள் என்பதை அந்த எழுத்தாளர் நன்கு அறிந்திருந்தார்.

4. யோபின் மனைவி

இனி அந்தத் தாயின் கேள்விக்குத் திரும்புவோம். யோபின் மனைவிக்குத் திருமறை அளிப்பது ஒரே ஒரு வசனம் (யோபு 2:9). பெயரும் இல்லை. பிள்ளைகள் யோபுக்குப் பிறந்தவர்களாகவே எண்ணப்படுகிறார்கள் (1:2). ஆகுஸ்தீன் அவளைப் பிசாசின் துணையாள் என்றார். கல்வினும் அவளைச் சாத்தானின் கருவியாகவே கண்டார். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்வழியே செல்கின்றன.

ஆனால் அவ்வசனத்தை எபிரெய மூலத்தில் உற்றுநோக்குக. அதன் முற்பாதி, யோபு தன் உத்தமத்தை இன்னும் பற்றிக்கொண்டிருப்பதைப் பற்றியது. இதே சொற்களால்தான் கடவுளும் யோபைப் பாராட்டுகிறார் (2:3). பிற்பாதியோ சாத்தானின் எதிர்பார்ப்பை எதிரொலிக்கிறது (2:5). பரலோக சபையில் நிகழ்ந்த உரையாடலின் இரு பக்கங்களும், அதைக் கேட்டிராத அவளுடைய ஒரே வாக்கியத்தில் சந்திக்கின்றன. நூலின் முழு வழக்கும் அவ்வாக்கியத்தில் அடங்கியுள்ளது எனலாம். மேலும், தூஷித்தல் என்று நாம் வாசிக்கும் இடத்தில் மூலத்தில் நிற்பது ஆசீர்வதித்தலைக் குறிக்கும் சொல். இடக்கரடக்கலாகவே அது எதிர்ப்பொருளில் கொள்ளப்படுகிறது.

யோபின் மறுமொழியும் கவனிக்கத்தக்கது. அவள் பயித்தியக்காரி என்று அவன் சொல்லவில்லை. அத்தகையவள் பேசுவதுபோலப் பேசுகிறாய் என்கிறான். நன்மையைப் பெற்ற நாம் தீமையைப் பெறவேண்டாமா என்று கேட்கும்போது, "நாம்" என்னும் சொல்லால் அவளைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். அடுத்த அதிகாரத்தில் அவனே தான் பிறந்த நாளைச் சபித்துச் சாவை நாடுகிறான். முடிவில் கடவுள் கடிந்துகொள்வது மூன்று நண்பர்களை (42:7), மனைவியை அன்று.

பழங்காலத்து வாசகர்களும் இந்த மௌனத்தைத் தாங்க இயலாதவர்களாய் இருந்தனர். செப்துவஜிந்த் என்னும் கிரேக்கப் பெயர்ப்பு அவளுக்கு நீண்ட பேச்சொன்றைத் தருகிறது. வீணாய்ப் போன தன் கர்ப்பவேதனையையும், வீடுவீடாகக் கூலிக்கு அலைந்து சூரியன் எப்போது மறையும் என்று காத்திருக்கும் களைப்பையும் அவள் அதில் சொல்கிறாள். "யோபின் ஏற்பாடு" என்னும் பழைய யூத நூலில், அவள் தன் கூந்தலைக் கொடுத்துக் கணவனுக்கு அப்பம் வாங்குகிறாள். இடிந்த வீட்டைத் தோண்டித் தன் பிள்ளைகளின் எலும்புகளையாவது எடுத்துத் தரும்படி வேண்டுகிறாள். இவை திருமறையாகா. எனினும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமுன்னரே யாரோ சிலர், அந்தப் பத்துப் பிள்ளைகளையும் பெற்றவள் அவள்தானே என்று கேட்டிருக்கிறார்கள்.

5. பிரசங்கிக்குச் சில அளவுகோல்கள்

இம்முறையைக் கையாள விரும்பும் மாணவர் மூன்றினை நினைவிற் கொள்வது நலம்.

முதலாவது, கேள்வி மூலத்தில் வேர்கொண்டிருத்தல் வேண்டும். சங்கிலியாருக்கு மகிழமரத்தடி வாக்கும், அகலிகைக்கு அக்கினிப்பரீட்சையும், யோபின் மனைவிக்கு "நாம்" என்னும் சொல்லும் ஊன்றுமிடங்கள். அத்தகைய ஊன்றுமிடம் இல்லாதபோது நாம் சொல்வது நம் சொந்தக் கதையே.

இரண்டாவது, மனைவியை மாசற்றவளாக்கக் கணவனைக் கொடியவனாக்குதல் எளிது. ஆனால் அது பழைய அநீதியைத் தலைகீழாக்குவதேயாம். புதுமைப்பித்தனின் கௌதமர் நல்லவராய் இருப்பதனாலேயே அக்கதை நம்மைச் சுடுகிறது.

மூன்றாவது, கற்பனையைக் கற்பனை என்று சபைக்குச் சொல்லிவிடுதல் வேண்டும். திருமறை சொல்வது இது, அதன் மௌனத்தில் நாம் கேட்பது இது என்று பிரித்துக் காட்டும் பிரசங்கியைச் சபை நம்பும்.

முடிவுரை

யோபின் நூல் பிள்ளைகள் மீண்டும் பத்துப்பேர் பிறந்ததோடு முடிகிறது. இம்முறை மூன்று குமாரத்திகளுக்கும் பெயர் உண்டு. சகோதரரோடு சுதந்தரமும் உண்டு (42:14, 15). அவர்களின் தாயைப் பற்றிச் சொல் இல்லை. அவளுக்கு ஒரு முடிவை எழுதித்தரும் அதிகாரம் நமக்கும் இல்லை. ஆனால் அவளை ஏசுவதற்கும் நமக்கு அதிகாரம் இல்லை. கடவுள் அவளை ஏசவில்லை.

அடுத்த முறை அப்பகுதியைப் பிரசங்கித்தபோது, முதலில் பத்துக் கல்லறைகளின் அருகே இருவரை நிறுத்தினேன். அதன்பிறகே அவள் பேசிய வாக்கியத்தை வாசித்தேன். அண்ணனூர்த் தாயின் கேள்விக்கு அது விடையாகாது. அவருடைய கேள்வியை நான் கேட்டேன் என்பதற்கு அது அடையாளம். துக்கத்தில் இருக்கும் ஒருவர் கசந்து பேசும்போது அதைத் தேவதூஷணம் என்று முத்திரையிடாமல், யோபைப்போல "நாம்" என்று சொல்லி அருகே அமர்ந்திருப்பதே போதகப் பணியின் தொடக்கம்.