கடலில் உருவாகி மலையில் இறங்கும் மழை

காங்கேசன்துறை முதல் திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பில் காற்றின் வேகம் இவ்வளவு, கடல் இடைக்கிடையே கொந்தளிப்பாகக் காணப்படும், மீனவரும் கடல்சார் ஊழியரும் அவதானமாயிருக்க வேண்டும் என்று வானொலி அறிவிக்கும்போது, வட்டகொடைத் தோட்டத்து லயன் காம்பராவில் அதற்குக் காது கொடுப்பவர் அரிது. நாலாயிரம் அடிக்கு மேல், தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே அமைந்த ஊர் அது. கடல் அங்குள்ளவர்களுக்கு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை விடுமுறையில் வந்து சொல்லும் கதை மாத்திரமே. காலையில் பெரட்டுக்குப் போகும்போது மழை வருமா, கொழுந்து எடைபோடும் வேளை வரையில் தாங்குமா என்பதே அவர்களது வானிலை.

எனினும் ஆகாய வழியாக அளந்தால் மேற்குக் கடற்கரை வட்டகொடையிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்திலேயே இருக்கிறது. கொத்மலை ஓயாவை நிரப்பும் மழைநீரின் பெரும்பகுதி இந்து சமுத்திரத்திலிருந்தோ வங்காள விரிகுடாவிலிருந்தோ ஆவியாகிப் புறப்பட்டதாகும். ஆகவே கடற்பரப்பு பற்றிய எதிர்வுகூறல், ஒன்றிரண்டு நாள் முன்கூட்டியே மலையகத்துக்கும் எழுதப்பட்ட கடிதம் எனலாம். அந்தக் கடிதத்தை வாசிக்க எவரும் எமக்குக் கற்றுத்தரவில்லை என்பதே குறை.

கடலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 26.5 பாகை செல்சியஸைத் தாண்டியிருத்தல், சூறாவளி உருவாவதற்கான நிபந்தனைகளில் ஒன்று. புவியின் சுழற்சி காற்றுக்குத் தரும் திருப்புவிசை மற்றொன்று. பூமத்திய ரேகையை அண்டிய ஐந்து பாகைக்குள் அவ்விசை மிகப் பலவீனமானது. ஆதலால் அங்கே சூறாவளிகள் தோன்றுவது அபூர்வம். (2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அண்மையில், ஒன்றரைப் பாகை அளவில் தோன்றிய 'வாமெய்' அந்த விதிக்குப் புகழ்பெற்ற விலக்கு.) ஆறாம் பாகைக்கும் பத்தாம் பாகைக்கும் இடையில் கிடக்கும் இலங்கை, சூறாவளி வலயத்தின் தென் ஓரத்தில் இருக்கிறது. அவை எம்மைத் தாக்குவது குறைவு. தாக்கும்போது பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே தாக்குகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் அவ்வாறானவையே.

ஈரக்காற்று மலையில் மோதினால் மேலேறியாக வேண்டும். மேலேறும் காற்று குளிரும். குளிர்ந்த காற்றால் முன்பிருந்த நீராவியைத் தாங்க இயலாது. தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்கள் நனைந்து ஊறும்போது ஊவாப் பக்கம் வறண்டு கிடப்பது இதனாலேயே. ஆனால் தாழமுக்கம் ஒன்று அருகில் வரும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. வட அரைக்கோளத்தில் காற்று அதன் மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் மலைநாட்டுக்குக் கிழக்கே இருந்தால் எம்மீது வீசுவது வடக்குக் காற்று. மையம் வடக்கே நகர்ந்துவிட்டால் மேற்குக் காற்று. ஒரே தொகுதி, ஓரிரு நாள் இடைவெளியில், மலையின் ஒரு சரிவை முதலிலும் மறு சரிவைப் பின்னரும் நனைக்கக்கூடும். முதல்நாள் தப்பிய தோட்டம் மறுநாள் தப்பும் என்று எண்ணுதல் ஆபத்தானது.

மையம் அருகில் வரவேண்டிய அவசியமும் இல்லை. 2003 மே மாதத்தில் வங்காள விரிகுடாவில் நின்ற சூறாவளி இலங்கையைத் தொடவேயில்லை. அது தொலைவிலிருந்தபடியே இந்து சமுத்திரத்து ஈரக்காற்றை எமது தென்மேற்குச் சரிவுகளின் மீது இழுத்தது. இரத்தினபுரி, களுத்துறை, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. அன்று வரைபடத்தில் புயலின் பாதையை மட்டும் பார்த்தவர்கள், அது வேறெங்கோ போகிறது என்று ஆறுதலடைந்திருப்பார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த 'தித்வா'வை இந்தப் பின்னணியிலேயே நோக்க வேண்டும். யெமன் வழங்கிய பெயர் அது. சொகோத்ரா தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர். காற்றின் வேகத்தைக் கொண்டு தரம் பிரித்தால் அது சாதாரண சூறாவளி. மணிக்கு 89 கிலோமீற்றரில் தொடங்கும் 'கடும் சூறாவளி' என்ற நிலையை அது எட்டவில்லை. ஆனால் மெதுவாக நகர்ந்தது. கரையை ஒட்டியும் நிலத்தின் மீதும் தங்கித் தங்கிச் சென்றது. சில இடங்களில் 24 மணித்தியாலத்துக்குள் 300 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை கொட்டியது. நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே மிகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்தன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் தகர்ந்தது. அதே வாரத்தில் மலாக்கா நீரிணையில் தோன்றிய 'சென்யார்' சுமாத்திராவில் இதேபோன்று, காற்றாலன்றி மழையாலேயே பேரழிவை விளைவித்தது.

சூறாவளியைக் காற்றின் வேகத்தால் தரப்படுத்தும் முறை கப்பலோட்டிகளுக்காக உருவானது. பாய்மரத்துக்கு எமன் காற்று. மலைச்சரிவுக்கு எமன் நீர். மணிக்கு அறுபது, எழுபது கிலோமீற்றர் காற்று என்று கேட்டவுடன் தகரக் கூரைக்கு இரண்டு கல்லை ஏற்றி வைத்துவிட்டுப் படுத்தவர்களை நாம் குறைகூற முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது காற்றைப் பற்றியே.

எதிர்வுகூறல் எவ்வாறு தயாராகிறது என்பதையும் அறிந்துகொள்ளல் நன்று. செய்மதிப் படங்கள், கடலில் நங்கூரமிட்ட மிதவைகள், கப்பல்கள் அனுப்பும் அவதானங்கள் ஆகியன கணினி மாதிரிகளுக்குள் செலுத்தப்படுகின்றன. வட இந்து சமுத்திரத்துச் சூறாவளிகளுக்கான பிராந்திய நிலையம் புதுடில்லியில் இயங்குகிறது. அதன் அறிவுறுத்தல்களையும் தன் அவதானங்களையும் கொண்டு எமது வளிமண்டலவியல் திணைக்களம் அறிக்கை விடுக்கின்றது. தாழமுக்கத்தின் பாதையை இரண்டு, மூன்று நாளுக்கு முன்னர் ஓரளவு நம்பிக்கையுடன் கூறலாம். எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை மில்லிமீற்றர் என்பதை அவ்வாறு கூற இயலாது. மழை விழுவதற்குச் சில மணித்தியாலம் முன்னர் அதைக் காட்டவல்லது டொப்ளர் ராடர். ஜப்பானிய உதவியுடன் அவ்வாறான இரண்டை நிறுவும் திட்டம் 2025 நவம்பரிலும் நிறைவேறியிருக்கவில்லை.

கடலோர மக்களுக்கு மட்டும் எல்லாம் செவ்வனே கிடைக்கிறது என்று கருதவேண்டாம். 2011 நவம்பர் 25இல் தென்கரையில் திடீரென வீசிய புயலில் உரிய எச்சரிக்கையின்றி மீனவர் பலர் மாண்டனர். 2017இல் 'ஒக்கி' வேகமாக வலுப்பெற்றபோது கன்னியாகுமரி மீனவர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை பிறப்பது ஓரிடம், அது சென்றடைய வேண்டியது வேறிடம். இடைவழியில்தான் அது பெரும்பாலும் தொலைகிறது.

மலையகத்துக்கென ஓர் அளவுகோல் உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேறுதல் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் நியமம். 150 மில்லிமீற்றர் என்றால் ஓர் ஏக்கர் சரிவின் மீது ஆறு இலட்சம் லீற்றர் தண்ணீர். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மழைமானி வைத்துக் குறிப்பெழுதி வந்தவை. அந்தக் குறிப்பு உரம் போடும் நாளைத் தீர்மானிக்கப் பயன்படுகிறது. லயத்தில் தூங்குபவரை எழுப்புவதற்கு அதைப் பயன்படுத்தும் வழக்கம் அரிதே.

மொழி பற்றியும் கூறாதிருக்க முடியாது. தித்வா நாட்களில் உத்தியோகபூர்வ அறிவித்தல்கள் பல தமிழில் தாமதமாகவோ குறையாகவோ வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. பத்திரிகைகளான நாமும் இதில் நிரபராதிகள் அல்லர். வானிலை அறிக்கையை இடம் நிரப்பும் செய்தியாக, கிடைத்த சொற்களிலேயே ஒரு மூலையில் இட்டு வந்திருக்கிறோம். தாழமுக்கம் பொத்துவிலுக்குத் தென்கிழக்கே என்று அச்சிட்டோமேயன்றி, அதனால் பூண்டுலோயாவிலோ வட்டகொடையிலோ எவ்வளவு மழையை எதிர்பார்க்கலாம் என்று கேட்டு எழுதியதில்லை.

அறிவித்தல் தமிழில், நேரத்துக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்ணுக்குள் போனது. அங்கிருந்து வெளியேறும்படி 2005இலும் 2011இலும் ஏற்கெனவே எச்சரிக்கப்பட்டிருந்தது. போவதற்கு இடம் கொடுக்காத எச்சரிக்கை அது. குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், காணி அரசுக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு என்ற நிலையில், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைகளையும் வயோதிபரையும் அழைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்துக்குப் போவது, அதன் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதைத் தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் அடுத்த ஒக்டோபருக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாடசாலையோ கோவில் மண்டபமோ, அதுவும் சரிவின் அடியில் இல்லையென்று பார்த்து உறுதிசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.