கண்ணாடி அணிந்தவன் விமானி ஆகலாமா?

இருபது ஆண்டுகளுக்கு முன்னர், என்னிடம் விஞ்ஞானம் கற்ற மாணவன் ஒருவன் பாடம் முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றான். "சேர், விமானம் ஓட்டப் படிப்பதென்றால் என்னென்ன பாடங்கள் எடுக்க வேண்டும்?" என்று கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அகன்ற கறுப்புச் சட்டமிட்ட மூக்குக் கண்ணாடியே முதலில் என் கண்ணிற் பட்டது. "தம்பி, கண்ணாடி போட்டவர்களை அந்த உத்தியோகத்துக்கு எடுக்க மாட்டார்கள். நீ கணக்கியலைப் பார்" என்றேன். அவன் மறுவார்த்தை பேசவில்லை. தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டான்.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் அவரைச் சந்தித்தேன். வங்கியொன்றில் நல்ல பதவியில் இருக்கிறார். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் அமர்ந்தவர், பேச்சோடு பேச்சாக, "சேர், கண்ணாடி போட்டவையும் விமானி ஆகலாமாம். என்ர அக்காவின்ர மகனும் கண்ணாடிதான். அவன் படிக்கப் போறன் எண்டு நிக்கிறான்" என்றார். அவர் குரலிலே குறை கூறும் தொனி சிறிதுமில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு திரும்பியதும் அன்று நான் செய்திருக்க வேண்டிய காரியத்தை இன்று செய்தேன். விதிகளைத் தேடிப் படித்தேன். நான் அன்று சொன்னது பிழை. இன்றைக்கு மட்டுமன்று, சொன்ன அந்த நாளிலேயே பிழை.

உலக நாடுகளின் பயணிகள் விமானப் போக்குவரத்துக்குப் பொது விதிகளை வகுப்பது, மொன்றியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம். இலங்கையும் அதன் உறுப்பு நாடே. ஊதியம் பெற்று விமானம் செலுத்த விரும்புபவர் முதலாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் பெறல் வேண்டும். அதற்கென அந்நிறுவனம் விதித்துள்ள பார்வை அளவு இது: தூரப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் தனித்தனியே 6/9 அல்லது அதனிலும் மேலாகவும், இரு கண்களும் சேர்ந்து 6/6 அல்லது அதனிலும் மேலாகவும் இருத்தல் வேண்டும். இதனை அடுத்து வருஞ் சொற்களே முக்கியமானவை: கண்ணாடி அணிந்தோ, அணியாமலோ. அணிந்தால்தான் அந்த அளவை எட்ட முடியும் என்றால், கடமையிலிருக்கும் பொழுதெல்லாம் அதனை அணிந்திருக்க வேண்டும். மாற்றுக் கண்ணாடி ஒன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவே.

6/6 என்னுங் கணக்கு 1862ஆம் ஆண்டிலே ஒல்லாந்தைச் சேர்ந்த கண் வைத்தியர் சினெலன் வகுத்த எழுத்து அட்டையிலிருந்து வந்தது. வழக்கமான பார்வையுடையவர் 9 மீற்றர் தொலைவிலிருந்து வாசிக்கக்கூடிய எழுத்தை 6 மீற்றர் அளவுக்கு நெருங்கி வந்தே ஒருவர் வாசிக்க முடிகிறதென்றால், அவருடைய பார்வை 6/9. பலர் எண்ணுவதுபோல இது கண்ணுக்கு இடும் புள்ளியன்று.

கண்ணாடியின்றிப் பார்வை மிகவும் குன்றியிருந்தால், அதாவது 6/60க்குக் கீழே இருந்தால், முதற் சான்றிதழுக்கு முன்னர் கண் வைத்திய நிபுணரின் முழு அறிக்கை கேட்கப்படும். நாட்டுக்கு நாடு சிறு மாறுபாடுகளும் உண்டு. சில நாடுகள் கிட்டப்பார்வையின் அளவுக்கு எல்லை வகுத்துள்ளன. லேசர் சிகிச்சை செய்துகொண்டவர் பார்வை நிலைபெறும் வரை காத்திருக்க வேண்டும். கிட்டத்து எழுத்தும் சோதிக்கப்படும். 30 முதல் 50 சென்ரிமீற்றர் வரையான தூரத்தில் சிற்றெழுத்தையும், ஒரு மீற்றர் தூரத்தில் அதனிலும் பெரிய எழுத்தையும் வாசிக்க வேண்டும். விமானியின் வரைபடம் மடியில் இருக்கிறது, கருவிகள் எதிரே இருக்கின்றன என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். சில ஆளிகள் தலைக்கு மேலேயுள்ள பலகையிலும் உள. அதனால் நாற்பதைத் தாண்டிய சில விமானிகள், கீழ்ப்பகுதியில் மட்டுமன்றி மேற்பகுதியிலும் வாசிப்பு வில்லை வைத்த கண்ணாடி செய்வித்துக்கொள்வதுண்டு.

அப்படியாயின் அந்தத் தவறான எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வேரூன்றியது? போர் விமானிகளைத் தெரிந்தெடுத்த முறையிலிருந்து வந்ததென்றே நினைக்கிறேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானப் படைகள் கண்ணாடியில்லாத கூர்மையான பார்வையைக் கேட்டன. பகை விமானத்தைத் தொலைவிலேயே கண்டுகொள்ள வேண்டியவனுக்கு அது தேவையாயிருக்கலாம். பயணிகளை ஏற்றிச் செல்பவருக்கு விதித்த அளவு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தவர்களில் நானும் ஒருவன்.

விமானத்தின் வரலாறோ இவ்விடயத்தில் நம்மைவிடத் தாராள மனம் படைத்தது. அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்து எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்த வைலி போஸ்ட் என்பவர் 1926இல் நேர்ந்த விபத்தொன்றில் ஓர் உலோகத் துண்டு பாய்ந்து இடக்கண்ணை இழந்தார். அதற்குக் கிடைத்த நட்டஈட்டுப் பணத்தில் அவர் வாங்கியது ஒரு பழைய விமானம்! ஒற்றைக் கண்ணால் தூரத்தை மதிப்பிட இடைவிடாது பழகினார். 1931இல் வழிகாட்டியான ஹரல்ட் கற்றியுடன் எட்டு நாள் 16 மணி நேரத்துக்குள் உலகைச் சுற்றி வந்தார். 1933இல் அதே விமானத்தில் தனியொருவராக எட்டு நாளுக்கும் குறைவான நேரத்தில் மீண்டும் சுற்றினார். தனியே விமானத்தில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. 1935இல் அலாஸ்காவில் நேர்ந்த விபத்தில் இறந்தார். இன்றும் அமெரிக்காவில், ஒரு கண் இழந்தவர் புதிய நிலைக்குப் பழக ஆறு மாதமாவது கழிந்த பின், பறந்து காட்டித் தம் திறமையை நிரூபித்துச் சான்றிதழ் பெற வழியுண்டு.

ஆனால் மூக்குக் கண்ணாடியால் திருத்த முடியாத ஒரு குறை உண்டு. பல ஆர்வமுள்ள இளைஞரின் பயணம் நின்றுபோவது அங்கேதான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாமையே அது. நிறக்குருடு என்று பொதுவாகச் சொல்கிறோம். பொருத்தமான சொல்லன்று, ஏனெனில் அவர்களிற் பெரும்பாலோர் நிறங்களைக் காணவே செய்கின்றனர். ஐரோப்பிய ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இக்குறை உண்டு. பெண்களில் இருநூறு பேருக்கு ஒருவருக்கே காணப்படும். தமக்கு இக்குறை இருப்பதை ஆயுள் முழுவதும் அறியாதிருப்பவரும் உளர்.

இதனை முதன்முதலில் விரிவாக எழுதியவர் அணுக்கொள்கையின் தந்தை ஜோன் டால்ற்றன். 1794இல் தம் கண்களைப் பற்றியே மஞ்செஸ்ரரில் ஒரு கட்டுரை வாசித்தார். கண்ணுள்ளிருக்கும் நீர் நீலமாயிருப்பதே தம் குறைக்குக் காரணம் என்று நம்பி, இறந்த பின் கண்ணைச் சோதிக்கும்படி சொல்லிவைத்தார். 1844இல் அவர் இறந்தபொழுது திறந்து பார்த்தார்கள். நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த அக்கண்ணின் திசுவை 1995இல் மரபணு முறையிற் சோதித்தபொழுதுதான் உண்மைக் காரணம் வெளிப்பட்டது: பச்சையொளிக்குரிய உணர்பொருள் அவருக்கு இல்லை.

நிறப்பார்வைச் சோதனை தொழிலுக்குள் வந்தது புகைவண்டியின் மூலம். 1875இல் சுவீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரு வண்டிகள் மோதி ஒன்பது பேர் இறந்தனர். விளக்கின் நிறத்தைப் பிழையாகக் கண்டதே காரணமாகலாம் என்று வாதித்த உப்சாலாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹொல்ம்கிறன், வண்ணக் கம்பளி நூல்களைத் தரம் பிரிக்கச் செய்யும் சோதனையைப் புகுத்தினார். அவ்விபத்துக்கு அதுதான் காரணமா என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றுள்ளனர். சோதனை மட்டும் நிலைத்துவிட்டது. பின்னர் 1917இல் யப்பானியக் கண் வைத்தியர் இஷிஹாரா புள்ளிகளுக்குள் எண்களை மறைத்து வெளியிட்ட ஏடே இன்றும் விமானிகளின் கண்ணை முதலிற் சோதிப்பது.

நிறம் அறிவது விமானிக்கு ஏன் வேண்டும்? ஓடுபாதையின் பக்கத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக எரியும். சரியான சாய்வில் இறங்கும் விமானிக்கு அவற்றில் இரண்டு வெள்ளையாகவும் இரண்டு சிவப்பாகவும் தோன்றும். நான்கும் வெள்ளையானால் விமானம் மிக உயரத்தில் இருக்கிறது. நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டது. 2002ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் விடியுமுன், அமெரிக்காவின் தலகாசி நகரில் இறங்க வந்த சரக்கு விமானமொன்று ஓடுபாதையை எட்டுமுன் மரங்களில் மோதி விழுந்தது. மூவரும் உயிர் தப்பினர். விமானத்தைச் செலுத்திய உதவி விமானிக்கு நிறப்பார்வைக் குறை இருந்ததை, களைப்போடு சேர்த்து, துணைக் காரணங்களில் ஒன்றாக விசாரணையாளர் குறித்தனர். உடனிருந்த இருவரும் தக்க நேரத்தில் எச்சரிக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

எனினும் இக்கதவும் முற்றாக மூடியதன்று. அவுஸ்திரேலியாவில் வைத்தியரும் விமானியுமான ஆதர் பேப் என்பவர், தமக்கிருந்த நிறப்பார்வைக் குறை விமானஞ் செலுத்தத் தடையாகாது என்று வாதாடினார். 1987, 1989ஆம் ஆண்டுத் தீர்ப்புகளால் அந்நாட்டில் இரவுப் பறத்தலுக்கிருந்த தடை தளர்ந்தது. இலண்டன் சிற்றிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கணினிச் சோதனையோ குறை உண்டா இல்லையா என்று மட்டும் பாராது, எவ்வளவு என்று அளக்கிறது. புள்ளி ஏட்டில் தவறியவர்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் தொழிலுக்குப் போதிய நிறப்பார்வை உடையவர்களே என்று 2009இல் அவ்வாராய்ச்சி காட்டிற்று. ஆகையால், முதற் சோதனையில் தவறிய பிள்ளை அடுத்த சோதனை எது என்று கேட்க வேண்டும்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். பதினெட்டு வயது நிரம்பியவர் 200 மணி நேரம் பறந்த அனுபவத்தோடு, அல்லது அங்கீகாரம் பெற்ற தொடர் பயிற்சியில் 150 மணி நேரத்தோடு, வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம் பெறலாம். பெரிய விமானத்தின் தலைமை விமானியாக அமர்வதற்கான அனுமதிப்பத்திரத்துக்கு 1500 மணியும் 21 வயதும் வேண்டும். அமெரிக்கா 2013 முதல் உதவி விமானிக்கும் பொதுவாக 1500 மணி கேட்கிறது. 2009இல் பஃபலோ நகரருகே 50 பேரைப் பலிகொண்ட விபத்தின் பின் வந்த சட்டத்தின் பயன் அது. அவ்விமானத்தை ஓட்டிய இருவரும் 1500 மணிக்கு மேல் பறந்தவர்களே என்பது வேறு கதை.

செல்லும் வழிகள் சில. ஒரே பயிற்சி நிலையத்தில் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் தங்கி எல்லாவற்றையும் தொடர்ச்சியாக முடிப்பது ஒன்று. முதலில் தனியார் விமானி, பின்னர் மணி சேர்த்தல், பின்னர் வர்த்தக அனுமதி, கருவிப் பறத்தல் என்று கையிலுள்ள பணத்துக்கேற்பப் படிப்படியாக ஏறுவது இன்னொன்று. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டாவதையே நான் சொல்வேன். இடையில் நின்றாலும் கடன் மலையாகாது. விமானச் சேவைகள் சில தாமே இளைஞரைத் தேர்ந்து பழக்குவதுமுண்டு. இரத்மலானையிலும் பயிற்சி நிலையங்கள் உள. எங்கு பயின்றாலும் வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் முதலான பாடங்களில் எழுத்துப் பரீட்சை உண்டு. சர்வதேசப் பறத்தலுக்கு ஆங்கிலத் தேர்ச்சியும் கட்டாயம்.

ஆனால் எந்த வழியானாலும் ஒரு வரிசை பிசகக்கூடாது. காணியை ஈடுவைத்துக் கட்டணம் செலுத்திய பின்னர் வைத்திய பரிசோதனைக்குப் போவது தலைகீழ்ச் செயல். முதலில் முதலாம் வகுப்புச் சான்றிதழ். அதன் பின்னரே பணம். அச்சான்றிதழும் ஒருமுறை பெற்றால் போதுமானதன்று. பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர் ஆறு மாதத்துக்கொருமுறை.

சென்ற மாதம் அந்த மருமகனை ஒரு கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது நானும் உடன் போனேன். முறையான பரிசோதனை பின்னர்தான். இது ஒரு முன்னோட்டம். கண்ணாடியோடு இரு கண்ணிலும் 6/6 என்றார் வைத்தியர். இஷிஹாரா ஏட்டையும் பையன் தடங்கலின்றி வாசித்து முடித்தான். வைத்தியர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கையில், என் பழைய மாணவர் மேசைமேல் கிடந்த அந்த ஏட்டைத் தம் பக்கம் திருப்பி, கண்ணாடியைச் சற்றுச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி எண்களை மெல்லச் சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.