நிமிடத்துக்கு 410 சுற்று! கெப் சில்லுக்குள் ஒளிந்திருக்கும் அதிசயம் தெரியுமா?

மரக்கறி மூட்டைகளோடு தம்புள்ளைச் சந்தைக்குப் பறக்கும் கெப்பை மாத்தளையில் பார்க்காதவர் உண்டா? எஞ்சினைப் புகழ்வோம், டயரைத் தட்டிப் பார்ப்போம். ஆனால் சில்லின் நடுவே, யார் கண்ணிலும் படாமல், மொத்தப் பாரத்தையும் தாங்கிச் சுழல்கிறதே சீல் பேரிங், அதை யாராவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா? கேளுங்கள், வாய் பிளந்துவிடுவீர்கள்!

எத்தனை சுற்று தெரியுமா?

கெப்களில் பரவலாகப் பூட்டப்படும் 265/65 ஆர்17 டயர் ஒரு கிலோமீற்றருக்குள் சுமார் 410 முறை சுழலும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 410 சுற்று. நொடிக்கு ஏறக்குறைய 7! மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏ9 வீதியில் 45 கி.மீ. அளவு தூரம். போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு சில்லும் 18,000 தடவைக்கு மேல் சுற்றிவிடும். 1 இலட்சம் கி.மீ. ஓடி முடித்தால்? 4 கோடியே 10 இலட்சம் சுற்று! அத்தனைக்கும் கம்பனியில் வைத்து மூடிய அதே கிரீஸ்தான்!

முடியைவிட 200 மடங்கு நுணுக்கம்!

பேரிங்குக்குள் உருளும் குண்டு எவ்வளவு உருண்டை? உயர்தரக் குண்டு ஒன்றில் உருண்டை வடிவம் பிசகக்கூடிய அளவு வெறும் 0.25 மைக்ரோன். மனித முடியின் தடிப்பில் 200ல் ஒரு பங்குகூட இல்லை! குண்டுக்குரிய உருக்கில் 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். உலகின் பெரும்பாலான பேரிங் குண்டுகளுக்கு இதே கலவைதான்!

கடலாழத்தைத் தோற்கடிக்கும் அழுத்தம்!

உலகக் கடல்களிலேயே ஆழமான இடம் மரியானா அகழி. அங்கே நீரின் அழுத்தம் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் 1,000 மடங்குக்குச் சற்று மேல். பாரமேற்றிய பேரிங்கில் குண்டும் வளையமும் தொடும் புள்ளியில் எவ்வளவு தெரியுமா? 10,000 மடங்கையும் தாண்டலாம்! அந்த நெருக்கத்தில் இரும்பையும் இரும்பையும் பிரித்து வைப்பது ஒரு மைக்ரோன்கூடத் தடிப்பில்லாத எண்ணெய்ப் படலம். இன்னொரு விந்தை: அந்தக் கணத்தில் எண்ணெய் கண்ணாடிபோல இறுகிவிடும்! அடுத்த கணம் மறுபடி எண்ணெய்!

ரோமச் சக்கரவர்த்தியின் கப்பலில் பேரிங்!

மாத்தளை ஆலுவிகாரையில் திரிபிடகம் ஏட்டில் ஏறியது கி.மு. முதலாம் நூற்றாண்டில். அதற்கடுத்த நூற்றாண்டில், இத்தாலியின் நேமி ஏரியில் சக்கரவர்த்தி கலிகுலா மிதக்கவிட்ட கப்பலில் குண்டுகள்மேல் சுழலும் மேடை இருந்தது! 1929 முதல் 1932 வரை ஏரி நீரை வற்றவைத்துக் கப்பல்களை மீட்டபோது உலகமே அசந்துபோனது.

வண்டி அச்சுக்குக் குண்டு பேரிங் வைத்து முதன்முதலில் காப்புரிமை வாங்கியவர் வேல்ஸ் நாட்டின் பிலிப் வான். ஆண்டு 1794! 1869இல் பாரிஸ்–ரூவான் சைக்கிள் பந்தயத்தை ஜேம்ஸ் மூர் வென்றது குண்டு பேரிங் பூட்டிய சைக்கிளில்! பாரவண்டிகளுக்குக் கைகொடுத்த கூம்பு உருளைப் பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் காப்புரிமை பெற்றது 1898இல்.

பேரிங்குக்காகப் பறந்த போர் விமானங்கள்!

ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தை 1943இல் அமெரிக்க விமானங்கள் ஏன் குண்டுவீசித் தாக்கின? பேரிங் தொழிற்சாலைகளை அழிக்க! பேரிங் நின்றால் டாங்கியும் நிற்கும், விமானமும் நிற்கும் என்பது கணக்கு. ஒக்டோபர் 14 அன்று புறப்பட்ட 291 விமானங்களில் 60 திரும்பவேயில்லை!

இரட்டிப்புப் பாரம், எட்டில் ஒரு பங்கு ஆயுள்!

ஒரு தொன் கெப்பில் ‘இன்னும் நாலு மூட்டை போடலாம்’ என்கிறீர்களா? பேரிங்கின் கணக்கு ஈவிரக்கமற்றது! குண்டு பேரிங்மீது விழும் பாரம் இரட்டித்தால் ஆயுள் பாதியாகாது. எட்டில் ஒரு பங்காகிவிடும்! பாரம் 20 சதவீதம் கூடினாலே ஆயுளில் 40 சதவீதத்துக்கு மேல் காலி!

தண்ணீரில் இறங்கினால் என்ன நடக்கும்?

ரத்தோட்டையிலிருந்து ரிவஸ்டன் ஏறி இறங்கி லக்கல பக்கம் போகிறீர்கள். மழை நாளில் சப்பாத்துப் பாலத்தின்மேல் வெள்ளம். பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறிய ஹப் குளிர்ந்த நீரில் சட்டென இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும்போது தேய்ந்த சீல் வழியே வெளித் தண்ணீரை உள்ளே இழுக்கும்! போன நீர் வெளியே வர வழி ஏது? கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, கதை முடிந்தது! சேவிஸ் ஸ்டேஷனில் உயரழுத்தக் குழாயைச் சீலுக்கு நேரே பிடிப்பதும் இதே பாவம்தான்!

வளைவே வைத்தியர்!

வேகம் கூடக் கூட ‘ஊஊம்’ என்று இரைச்சல் ஏறுகிறதா? எந்தப் பக்கப் பேரிங் என்பதை வீதியே சொல்லிவிடும்! இடது வளைவில் பாரம் வலது சில்லுக்குச் சாயும். அப்போது சத்தம் கூடினால் சந்தேகப்பட வேண்டியது வலது பேரிங்கை! வலது வளைவில் கூடினால் இடது! வளைவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதைவிட இலவசப் பரிசோதனை வேண்டுமா?

சீலுக்குள் காந்தம் இருக்கிறதே, தெரியுமா?

ஏபிஎஸ் உள்ள பல கெப்களில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலே காந்த வளையம்! வடக்கு, தெற்கு என்று டசின் கணக்கில் துருவங்கள் மாறி மாறி நிற்கும். அதைப் படித்துத்தான் சில்லின் வேகத்தை சென்சர் கணக்கிடுகிறது. பேரிங்கைத் திருப்பிப் பூட்டிவிட்டால்? சில்லு அழகாகச் சுழலும், ஏபிஎஸ் விளக்கு அணையவே அணையாது! புதுப் பேரிங்கை ஸ்பீக்கர் காந்தத்துக்குப் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது!

சில சுத்தியல் அடிகள் போதும்!

கோடிக்கணக்கான சுற்றுகளைத் தாங்கும் பேரிங், பூட்டும்போது விழும் சில சுத்தியல் அடிகளைத் தாங்காது! அடி குண்டுகள் வழியே இறங்கி, அவை உருளும் ஓடுபாதையில் குழி போடும். பிறகு ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே சத்தம்! அதனால்தான் விபரம் தெரிந்த கராஜ் பாஸ் பிரெஸ் இயந்திரத்தைத் தேடுவார். வெளிவளையத்தை இறுக்கி ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டும் அழுத்துவார்; உள்வளையத்துக்குள் ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு மட்டும் தாங்கு கொடுப்பார்.

அச்சு நட்டை டோர்க் ஸ்பேனரால் கையேட்டு அளவுக்கு இறுக்கும்வரை வண்டியைத் தரையில் உருட்டவும் கூடாது! பல வகைப் பேரிங்குகளில் உள்வளையம் இரண்டாக இருக்கும்; அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதே அந்த நட்டுதான்!

ஓடாமலே தேய்ந்த புதுக் கார்கள்!

1930களில் அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து புத்தம் புதுக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். இறக்கிப் பார்த்தால் பேரிங்குகளில் குழிகள்! ஒரு கிலோமீற்றர்கூட ஓடாத கார்கள்! ரயிலின் அதிர்வில், சுழலாமல் நின்ற இடத்திலேயே ஆடிய உருளைகள் தடம் பதித்துவிட்டன!

ஐந்தாண்டு வந்து சேராத வாகனங்கள்!

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்! அதுவரை பழைய கெப்தானே கதி? பேரிங் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஓடியவர்கள் எத்தனை பேர்! ஆனால் கவனம்: பெயர்பெற்ற பேரிங்குகளுக்குப் போலிகள் உலகெங்கும் உண்டு. மலிவான விலையைக் கண்டு மயங்காதீர்கள்!

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

பழைய கெப்களின் முன் சில்லுப் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிரீஸ் அடைத்து மறுபடி பூட்டலாம். சீல் பேரிங்கில் அந்த வேலையே இல்லை! கிரீஸ் போடவும் முடியாது, பிரித்துக் கழுவவும் கூடாது. பராமரிப்பு என்றால் காப்பாற்றுவதும் கவனிப்பதும்தான்; பழுதானால் புதிதாக மாற்றுவது ஒன்றே வழி.

எனவே அடுத்த முறை டயர் கழற்றும்போது இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். சமதரையில் நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கல் கொடுத்து, ஜெக்கோடு ஸ்டாண்டும் வையுங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையால் சுழற்றிக் காதைக் கொடுங்கள். ஆட்டமோ கரகரப்போ தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றைக்கே கராஜுக்கு விடுங்கள். ஆடும் பேரிங்கோடு ரிவஸ்டன் இறங்குவது உயிரோடு விளையாடுவது!