பழைய லாரியில் வெண்புகையும் தண்ணீர்க் குறைவும்

விளைபொருளை உரிய காலத்தில் விற்பனை ஸ்தலத்திற்குக் கொண்டுசேர்ப்பதும் விவசாயத் தொழிலின் ஓர் அங்கமேயாகும். வெட்டிய கரும்பை ஒரு நாளைக்குள் அரைக்காவிடில் அதன் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையத் தொடங்குகின்றன. களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும் மழையில் நனைந்து கிடந்தால் முளை கண்டுவிடும். இக்காரணம்பற்றியே நிலச்சுவான்தார்களில் சிலரும், கூட்டுறவுச் சங்கங்களில் சிலவும் பழைய டீசல் லாரி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கின்றனர். புது வண்டியின் விலையை நோக்க, பழைய வண்டி மலிவானதே. ஆயினும், அறுவடை மும்முரமாக நடக்கும் சமயத்தில் அவ்வண்டி வெண்புகை கக்கத் தொடங்கி, ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீரும் போன இடம் தெரியாமல் குறைந்துவருமாயின், மிச்சம் பிடித்த பணம் முழுவதும் பட்டறைக்கே போய்ச் சேரும்.

இத்தகைய சமயங்களில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒன்று, டிரைவர் ஒவ்வொரு நடைக்கும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது. மற்றொன்று, புகையைக் கண்ட மாத்திரத்தில், வேறொன்றையும் சோதியாமல், இஞ்சினின் தலைப்பாகத்தைக் கழற்றிவிடுவது. முன்னது இஞ்சினையே அழிக்கும்; பின்னது வீண் செலவாய் முடியும். ஏரியில் நீர் குறைந்தால் மதகில் போகிறதா, கலங்கில் போகிறதா, கரையில் கசிகிறதா என்று பார்த்த பின்னரே மண்வெட்டியை எடுப்பது விவசாயிகளின் வழக்கம். லாரிக்கும் அம்முறையே ஏற்றது. தண்ணீர் தானாக மறைந்துவிடுவதில்லை. அது போகும் வழியைக் கண்டறிவதே முதல் வேலை.

புகையின் வகைகள்

வெண்மையாகத் தோன்றும் புகை யாவும் ஒரே தன்மையுடையதன்று. அது மூன்று வகைப்படும்.

முதலாவது, வெறும் நீராவி. டீசல் எண்ணெய் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி நீராகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் சைலன்ஸர் குளிர்ந்திருக்கையில் இவ்வாவி வெண்புகையாகத் தோன்றும். இஞ்சின் சூடேறியதும் மறைந்துவிடும். இதனால் யாதொரு தீங்கும் இல்லை.

இரண்டாவது, எரியாத டீசலின் புகை. இதில் பச்சை டீசலின் நெடி வீசும், கண் எரியும். நாசில் பழுதடைதல், எண்ணெய் பீய்ச்சும் நேரம் பிந்துதல், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைதல் ஆகியவை இதற்குக் காரணங்களாம். இப்புகையினால் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதில்லை.

மூன்றாவது, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகி வருவது. தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 1,600 மடங்கு பெருகுகிறது. ஆதலால் சிறிதளவு நீரே பெரும் புகையாகக் காணப்படும். இஞ்சின் சூடேறிய பின்னரும் இப்புகை நிற்பதில்லை. ரேடியேட்டரில் கூலண்ட் திரவம் கலந்திருந்தால் புகையில் ஒருவகைத் தித்திப்பு வாடையும் வீசும்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. சைலன்ஸர் குழாயின் வாய்க்குச் சற்று எட்ட, ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சிறிது நேரம் பிடித்துப் பின்னர் உலரவிட வேண்டும். எண்ணெய்க் கறை தங்கினால் டீசல். ஈரம் உலர்ந்து கறையின்றிப் போனால் நீர்.

தண்ணீர்க் கணக்கு

புகையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஏனெனில், ஹெட் காஸ்கெட்டில் சிறு பழுது உள்ள வண்டியும் முதலில் காலைப் புகையையே காட்டும். இஞ்சின் ஓடுகையில் சிலிண்டரின் அழுத்தம் மிகுதியாதலால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. வண்டியை நிறுத்திய பின்னர், ரேடியேட்டரில் எஞ்சிய அழுத்தம் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இரவெல்லாம் தங்கிய அந்நீர் மறுநாட் காலையில் புகையாக வெளிப்படும். இதனைத் தீங்கற்ற காலைப் புகையினின்றும் பிரித்துக் காட்டுவது தண்ணீர்க் கணக்கே.

ஆதலின், வண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி, ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய பாரம், காலையில் குளிர்ந்த நிலையில் ஊற்றிய தண்ணீரின் அளவு ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து வர வேண்டும். தண்ணீரைக் குடத்தால் ஊற்றாமல் லிட்டர் அளவையால் ஊற்றுதல் நலம். உபரி நீர்ப் பாத்திரம் இல்லாத பழைய வண்டிகளில் கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் விரிந்த நீர் சிறிது வெளியே வழிந்து, பின்னர் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். இது பழுதன்று. அம்மட்டத்திற்குக் கீழும் நாள்தோறும் குறைவதே பழுதின் அடையாளமாகும். சங்கத்துக்குச் சொந்தமான லாரியாயின், இக்கணக்கு ரிப்பேர்ச் செலவை மஞ்சூர் செய்யும் அதிகாரிகளுக்கும் தக்க ஆதாரமாய் இருக்கும்.

நீர் போகும் மூன்று வழிகள்

முதல் வழி வெளிக்கசிவு. ரேடியேட்டர்க் குழல்கள், ஹோஸ் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துவாரம், இஞ்சின் பக்கத்திலுள்ள அடைப்புத் தகடுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூடான பாகத்தில் கசியும் நீர் தரையில் சொட்டுமுன் உலர்ந்துபோகலாம். ஆயினும் அவ்விடத்தில் வெண்மையாகவோ துருநிறமாகவோ உப்புப் பூத்திருக்கும். ரேடியேட்டர் மூடியையும் சோதிப்பது அவசியம். அம்மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தை நிறுத்தி, கொதிநிலையை உயர்த்துவது அதுவே. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் நீர் சுமார் 111 டிகிரி சென்டிகிரேடிலும், 15 பவுண்டு மூடியின் கீழ் சுமார் 120 டிகிரியிலும் கொதிக்கும். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தால் 100 டிகிரியிலேயே நீர் கொதித்து வெளியேறும். சொற்ப விலையுள்ள மூடியினால் வந்த குறையை இஞ்சினின் குறையாகக் கொள்வது பெரும் பிழை.

இரண்டாம் வழி எண்ணெயிற் கலத்தல். அளவுகோலை உருவிப் பார்க்கையில் எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தாலும், அதன் மட்டம் உயர்ந்திருந்தாலும் நீர் கலந்துள்ளது எனக் கொள்ளலாம். சந்தேகமாயின், இரவு முழுவதும் நின்ற வண்டியின் சம்ப் திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானதால், கலவாமல் அடியில் தங்கியிருப்பின் அதுவே முதலில் வரும். லைனரின் அடியிலுள்ள ரப்பர் வளையங்கள் கெடுதல், லைனரில் துளை விழுதல், காஸ்கெட் பழுது ஆகியவை காரணங்களாகலாம்.

மூன்றாம் வழி சிலிண்டருக்குள் புகுதல். ஹெட் காஸ்கெட் எரிந்துபோவதும், தலைப்பாகத்தில் வெடிப்பு விழுவதும் இதற்கு முக்கிய காரணங்கள்.

சோதனை செய்யும் முறை

சோதனைகளைச் செலவில்லாததில் தொடங்கி வரிசையாகச் செய்தல் வேண்டும். சூடான இஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டுத் தீராத ஊறு விளைக்கும்.

காலையில் குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்து, நீரைக் கழுத்துவரை நிரப்பி, இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் சில குமிழிகள் வந்து நின்றுபோவது இயற்கை. இடைவிடாது குமிழிகள் வருமாயின் வாயு தண்ணீரில் புகுகிறது என்பது பொருள். மூடியை இட்டு ஓட்டுகையில், நீர் சூடேறுமுன்பே மேல் ஹோஸ் குழாய் கல் போல் இறுகினாலும் அதுவே அடையாளம். ஆயினும் ஒரு எச்சரிக்கை: சில லாரிகளில் பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரெஸரின் தலைப்பாகமும் இதே தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது. அதன் காஸ்கெட் பழுதானாலும் இதே குமிழிகள் தோன்றும். காற்றுத் தொட்டியில் நீர் மிகுதியாகச் சேர்தலும் உண்டு. இதை விலக்கிய பின்னரே இஞ்சினின் மேல் பழி சுமத்த வேண்டும்.

அடுத்து, பட்டறையிலுள்ள கைப்பம்பினால் ரேடியேட்டரில் மூடிக்குரிய அழுத்தத்தை ஏற்றிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். முள் இறங்கியும் வெளியே கசிவு காணாவிடில், நாசில்களைக் கழற்றிவிட்டு இஞ்சினைச் சுழற்றினால், பழுதுள்ள சிலிண்டரின் துவாரத்தினின்றும் நீர் பீய்ச்சி வரும். ரேடியேட்டர்க் கழுத்தில் வைத்துப் பார்க்கும் நீல நிறச் சோதனைத் திரவமும் உண்டு. எரிந்த வாயு பட்டால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும்.

புகை டீசற் புகையெனத் தோன்றினால், பழைய மாதிரி பம்பு உள்ள வண்டிகளில் மட்டும், தேர்ந்த மெக்கானிக் ஒவ்வொரு நாசிற் குழாயையும் முறையே தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்துகையில் புகை குறைகிறதோ அச்சிலிண்டரிலேயே குற்றம் உள்ளது. புதுமாதிரி காமன் ரெயில் இஞ்சின்களில் இதைச் செய்தல் உயிருக்கே ஆபத்து. அங்கே பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டிய நிலை

எண்ணெய் வெளுத்திருந்தாலும், காலையில் ஸ்டார்ட் செய்கையில் இஞ்சின் தடுக்கி நின்றாலும், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். காற்றைப் போல் நீர் சுருங்குவதில்லை. சிலிண்டரில் தங்கிய நீரின்மேல் பிஸ்டன் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீர் கலந்த எண்ணெயோ பேரிங்குகளைக் காப்பதில்லை. காஸ்கெட் மாற்றும் செலவோடு தீர்வது, ஒரு வாரத் தாமதத்தால் இஞ்சின் முழுவதையும் புதுப்பிக்கும் செலவாக வளரும். அவ்வொரு வாரத்திற்கு வாடகை வண்டி அமர்த்தினால் ஆகும் செலவு அதை நோக்க அற்பமே. மஞ்சள் தூளைக் கொட்டி ஒழுக்கை அடைப்பது வழியில் அகப்பட்ட டிரைவர்களின் கைவைத்தியம். அது வீடு வந்துசேர உதவலாம். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் அடைத்து, சூட்டை மிகுவிக்கும்.

பழுது பார்க்கையில் கவனிக்க வேண்டியவை

காஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. தலைப்பாகத்தின் அடித்தளம் கோணியுள்ளதா என நேர்விளிம்புக் கோலும் இடைவெளித் தகடும் கொண்டு அளந்து, வெடிப்புக்கும் சோதித்தல் வேண்டும். லைனர் மேலெழுந்து நிற்கும் உயரத்தையும் அளந்து, தயாரிப்பாளரின் புத்தகத்தோடு ஒப்பிடுவது அவசியம். இதைச் செய்யாது விட்டால் புதுக் காஸ்கெட்டும் விரைவில் எரியும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல தவணைகளில், குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, காஸ்கெட் ஏன் எரிந்தது என்று விசாரித்தல் முக்கியம். அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த விசிறிப் பெல்ட், திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைத் திருத்தாவிடில் பழைய கதையே மீளும்.

முன்கூட்டிக் காத்தல்

ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரே பழைய லாரிகளின் பெரும் பகை. அது கொதிக்கக் கொதிக்கச் சுண்ணாம்புப் பொருக்காகப் படிந்து உஷ்ணத்தைத் தடுக்கிறது. வாலை வடித்த நீரோடு, தயாரிப்பாளர் கூறும் அளவில் கூலண்ட் திரவம் கலந்து ஊற்றுதல் சிறந்தது. நம் நாட்டின் சமவெளிகளில் நீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பாருண்டு. துருவைத் தடுப்பதற்கும் அது தேவை. மேலும், நீர் சூழ்ந்த லைனர்களின் அதிர்வினால் உண்டாகும் நுண்குமிழிகள் இரும்பைச் சிறுகச் சிறுக அரித்துத் துளையிடுகின்றன. தக்க கூலண்ட் அவ்வரிப்பையும் தடுக்கிறது. எனினும் எதிலீன் கிளைகால் சேர்ந்த கூலண்ட் தித்திப்புள்ள விஷம். அதை வாய்க்காலிலோ தொழுவத்தருகிலோ கொட்டினால் மாடும் நாயும் குடித்து மடியும். ஆகையால் வடித்த திரவத்தை மூடிய பாத்திரத்தில் சேகரித்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே இச்சோதனைகளை முடித்துவைப்பது விவேகம். காலையில் மூடியைத் திறந்து நீரை அளக்கவும், அளவுகோலை உருவி எண்ணெயைப் பார்க்கவும் ஐந்து நிமிஷமே செல்லும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடுகிறவரின் கரும்பு, வெட்டிய அன்றே ஆலை வாசலைச் சேரும்.